தளபதிக்குப் பூட்ஸ்

எங்கள் தளபதி எங்கள் வீட்டுக்கு வந்தபோது வெறுங்காலோடு வந்தான். ஆம்பூரில், வீட்டுக்கு வீடு ஷூ தைக்கிற ஒரு தெருவில், எங்கெங்கோ இருக்கிற கால்களுக்கெல்லாம் தோல் வெட்டுகிற மனிதர்களுக்கு நடுவில், அவன் காலை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் அவன் கையைத்தான் பார்த்தார்கள். அந்தக் கையில் எவ்வளவு பெரிய கத்தியைக் கொடுக்கலாம் என்பதுதான் அந்தக் கோடை விடுமுறை முழுவதும் என் மாமாவின் கவலையாக இருந்தது.

தளபதி என் சுண்டுவிரல் உயரம் இருப்பான். ஷூவின் குதிகால் ரப்பரில் மாமா தன் கையால் செதுக்கிய உருவம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தார். தோலை விரித்து, எங்கே தழும்பு, எங்கே உண்ணி கடித்த தடம் என்று தடவிப் பார்த்து வெட்டுகிற வேலை. வேலையில் அப்படிக் கறாரான மனிதர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாடிக்கு ஓடிப்போய்ப் பொம்மை வைத்து விளையாடுவார்.

மாடி வீட்டுக்காரருடையது. கீழே வரிசையாக இருந்த வாடகை வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். வீட்டுக்காரரின் மகன் வேலூரில் இன்ஜினியரிங் படித்தார். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். அவர்தான் ஹாஸ்டலிலிருந்து அந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர். மேசைமேல் நடக்கிற போர் அது. பூதங்களும் மந்திரவாதிகளும் கலந்த இரண்டு படைகள். அளவு நாடா வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டி வெட்ட வேண்டும். மலைமேல் இருக்கும் எதிராளியின் கொடியை யாருடைய தளபதி தொடுகிறானோ அவர் ஜெயித்தார்.

எல்லாமே தளபதியைப் பொறுத்தது. அவனுக்கு என்ன ஆயுதம், என்ன கவசம், என்ன வாகனம் என்று ஆடுகிறவர்களே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என்று உண்டு. கொடுத்த புள்ளிக்குள் அடக்க வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. பொம்மையின் மேல் கண்ணுக்குத் தெரியாத எதுவும் தளபதியிடம் கிடையாது. "கேடயம் இருக்குது, முதுகுக்குப் பின்னாடி வெச்சிக்கீறான்" என்று மாமா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். செல்லவில்லை. அப்புறம் ஒரு ஐலெட்டை, ஷூ லேஸ் நுழைகிற அந்தப் பித்தளை வளையத்தை, தளபதியின் கையில் ஒட்டிய பிறகுதான் கேடயம் கேடயமாயிற்று.

மாடி அண்ணாவின் படை அசல் படை. அவருடைய அப்பா தோல் வியாபாரத்துக்கு வெளிநாடு போனபோது வாங்கிவந்த உருவங்கள். அவருடைய தளபதி, எருமை முகமுள்ள ஒரு மிருகத்தின் மேல் உட்கார்ந்திருப்பான். மிருகத்துக்கும் இரும்புக் கவசம், அவனுக்கும் இரும்புக் கவசம். தீ எரிகிற கத்தி. எதிரில் எங்கள் ரப்பர் ஆள், தகரக் கவசம் போர்த்திக்கொண்டு, சைக்கிள் கம்பியைத் தேய்த்துச் செய்த கத்தியோடு நிற்பான். அவனுக்குப் பின்னால் ரிவெட்டு ஆணிகளால் ஆன ஏழைப் படை.

போர்க்களத்தை மட்டும் எல்லோரும் சேர்ந்து செய்தோம். பழைய கட்டிங் மேசை ஒன்று மொட்டைமாடி ஷீட் கூரைக்குக் கீழே கிடந்தது. ஷூவுக்கு உருவம் கொடுக்கிற கால் அச்சுகளைக் கவிழ்த்து வைத்தால் மலைகள். பச்சைத் தோல் துண்டுகள் காடு. நடுவில் ஒரு ஆறு. ஆற்றுக்கு என்ன வைப்பது என்று யாரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மாமா உப்புத்தாளை நீளமாகக் கிழித்து, மணல் பக்கம் மேலே தெரிகிற மாதிரி ஒட்டினார். அச்சு அசலாக ஆறு மாதிரியே இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினோம்.

ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு படைகளும் அந்த ஆற்றில் இறங்கி நடுவில் மோதிக்கொள்ளும். ஒவ்வொரு ஞாயிறும் மாமா தோற்பார். நானும் மேலே போவேன். ஆனால் என் வேலை, உருண்டு விழுந்த பகடையைப் பொறுக்கித் தருவதும் கீழேயிருந்து தண்ணீர் கொண்டுவருவதும்தான். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன், நானும் ஒரு ஆட்டம் ஆடட்டுமா என்று.

"இது பல்லாங்குழி இல்ல பாப்பா. ரூல்ஸெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு" என்றார் மாடி அண்ணா. கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் என்றால் நான். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. அப்பாவும் இல்லை, அவர் சின்ன வயதிலேயே தோல் பதனிடுகிற ஷாப்புக்கு வேலைக்குப் போய்விட்டார். மாமா மதியச் சாப்பாட்டுக்காகச் சில காலம் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவர். நான்தான் முதல் ஆள். பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்போது ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். கேஸ் சிலிண்டரில் எழுதியிருப்பதைக்கூடச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் அதைத் தாண்டிப் போவேன்.

அதே சமயம் எனக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் ஜாப் ஒர்க் உண்டு. கம்பெனியிலிருந்து அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், கோணி கோணியாக வரும். பெண்கள் சாயங்காலம் வாசலில் வட்டமாக உட்கார்ந்து மெழுகு நூலில் கைத்தையல் போடுவார்கள். என் வயதுப் பெண்கள் எல்லோரும் அம்மாக்களோடு உட்கார்ந்து, ஊசியை வாயில் கவ்விக்கொண்டு பெரிய மனுஷிகள் மாதிரி பேசுவார்கள். எல்லாக் கதையும் அங்கேதான். என்னை மட்டும் அம்மா உட்கார விடமாட்டாள். ஊசிப் பக்கம் கை போனாலே, "வை கீழ. போய் படி" என்பாள். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை, "அவளுக்கும் கத்துக் குடுத்தா இன்னா? கூடமாட ஆச்சு" என்றதற்கு, அம்மா நூலைக் கடித்துத் துப்பினாள். அந்த வரிசையிலேயே அம்மாவின் தையல்தான் சுத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். தன் கைப்பக்குவத்தை அவள் எனக்குக் கொடுக்க விரும்பவில்லை என்று முடிவு கட்டினேன்.

விடுமுறையின் கடைசி வாரம் மாமா விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். மாடி அண்ணா திங்கட்கிழமை காலேஜுக்குத் திரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம்.

"பாப்பா, இருக்கறதுலயே பெரிய கத்தி எந்தப் பக்கத்துல கீது பாரு."

"முதல்லேர்ந்து படிச்சாதான் மாமா புரியும்."

"முதல்லேர்ந்து படிக்க இது இன்னா பரிச்சையா? கத்தியப் பாரு, கவசத்தப் பாரு, மீதி எதுக்கு?"

மாடி அண்ணாவும் அப்படித்தான் படித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஹாஸ்டலில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர், ஆயுதப் பக்கங்களை மட்டும் கரைத்துக் குடித்திருந்தார். எனக்கு அந்த வசதி கிடையாது. எந்தப் பாடத்திலிருந்து கேள்வி வரும் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லாதவர்கள், எல்லாப் பாடத்தையும் படித்துத்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூட டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். தினமும் கொஞ்சம். மலைகளைப் பற்றி, காடுகளைப் பற்றி, அப்புறம் ஆறுகளைப் பற்றி.

ஆறு வந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஆறு என்பது ஆழமான நீர் என்று போட்டிருந்தது. கவசம் அணிந்த எதுவும் அதில் இறங்கினால் மூழ்கும், உடனே களத்தைவிட்டு எடுக்க வேண்டும். கவசம் இல்லாத வீரர்கள் இறங்கினால் தப்பிக்கலாம், ஆனால் அங்கேயே தத்தளித்து நிற்பார்கள்.

அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஆறு பாலாறு. அதில் நாங்கள் கிரிக்கெட் ஆடினோம், அதில் மாடுகள் படுத்துக் கிடந்தன, அக்கரைக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பட்டுப்புடவையோடு அதில் நடந்து போனார்கள். ஆற்றில் மூழ்குவதென்றால் என்ன என்று எனக்குக் கற்பனை செய்யவே வரவில்லை. ஆனால் புத்தகத்தில் அச்சாகியிருந்தது. அச்சானதை நம்பித்தான் என் வாழ்க்கை அதுவரை ஓடியிருந்தது. கடைசிப் பக்கத்துக்குப் போய்த் தளபதிக்கான பொருட்களைப் பார்த்தேன். கத்திகளுக்கும் கவசங்களுக்கும் கேடயங்களுக்கும் கீழே, மூலையில், யாரும் சீண்டாத ஒரு வரி இருந்தது: தண்ணீர் மேல் நடக்கும் பூட்ஸ்.

மாமாவிடம் போய், கவசம் வேண்டாம், கேடயம் வேண்டாம், நம் ஆளுக்கு பூட்ஸ் போடலாம் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. மாமாவிடம் ரகசியம் சொல்வதும் தெருக்குழாயில் நின்று சொல்வதும் ஒன்று.

"பூட்ஸா! ஏன்டி, நாளெல்லாம் அங்க ஷூ, வூட்டுக்கு வந்தா இங்க ஷூ. சண்டைக்குப் போறவனுக்குமா ஷூ? போ, போயி கத்தியப் பாரு" என்றார். தகரத்தில் இன்னொரு அடுக்கு வெட்டி, கவசத்தின் மேல் கவசமாக ஒட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

என்னைக் காப்பாற்றியது கம்பெனியின் ஏற்றுமதி ஷிப்மென்ட். சனிக்கிழமை மதியம் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள், மாமா ஞாயிற்றுக்கிழமையும் வந்தாக வேண்டும் என்று. மாமா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"பேஜாராயிடுச்சு தம்பி. நாளைக்கி ஓவர்டைம். இன்னா பண்றது?"

"அப்ப ஆடாமலே தோத்தா மாதிரிதாண்ணா. தளபதிய இங்கியே வெச்சிட்டுப் போய்டுங்க" என்றார் மாடி அண்ணா. கடைசி ஆட்டத்தில் தோற்றவரின் தளபதி ஜெயித்தவருக்கு என்று அவர்களுக்குள் பேச்சு.

"மாமாவுக்குப் பதிலா நான் ஆடுறேன்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடி அண்ணா மறுபடியும் அதே சிரிப்பைச் சிரித்தார். "சரி பாப்பா. ஆனா தோத்துட்டு அழக் கூடாது. தோத்தா அதுக்கப்புறம் மாடிப்பக்கமே வரக் கூடாது."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா மேசைல ஒரு பக்கம் உன்னுது. எந்த ஞாயித்துக்கிழமை வேணா வந்து உக்காரு. நான் இல்லன்னாலும் உன் ஆளுங்க மேசை மேலயே இருக்கலாம்."

இறங்கும்போது மாமா தளபதியை என் கையில் வைத்தார். ஆஸ்பத்திரியில் ஆளை ஒப்படைக்கிற மாதிரி வைத்தார். "கத்திய மட்டும் எடுத்துராதடி" என்றார். கத்தியை விட்டுவைத்தேன். கவசத்தையும் கேடயத்தையும் அன்றே பிய்த்தேன்.

பூட்ஸ் தைக்க வேண்டும். பொம்மைமேல் தெரியாதது அவனிடம் இல்லை, அதுதானே சட்டம். அம்மாவின் கோணிக்குப் பக்கத்தில் லைனிங் தோலில் வெட்டி விழுந்த கழிவுத் துண்டுகள் கிடந்தன. மெல்லிய தோல், காதுமடல் மாதிரி இருக்கும். ஒரு துண்டை எடுத்து, அம்மாவின் ஊசியையும் எடுத்து, அவள் அடுப்படியில் இருக்கும்போது தைக்க உட்கார்ந்தேன். முதல் குத்திலேயே ஊசி தோலைத் தாண்டி விரலுக்குள் போனது.

அம்மா வந்து நின்றாள். ரத்தத்தைப் பார்த்தாள். ஊசியை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்? ஊசியத் தொடாதன்னு சொன்னனா இல்லியா?"

"பொம்மைக்கு பூட்ஸ் வோணும்மா. நாளைக்கி ஆட்டம்."

"யாரு ஆடறது?"

"நான்."

அம்மா தளபதியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோணியில் இருந்த அப்பர்களை ஓரமாக ஒதுக்கினாள். வேலைக்கு நடுவில் அவள் அப்படி ஒதுக்கி நான் பார்த்ததில்லை. மெழுகு நூலைப் பிரித்து ஒற்றை இழையாக்கினாள். தோலை நுனிநாக்கில் நனைத்து, தளபதியின் காலில் வைத்து அழுத்தி, நகத்தால் கோடு போட்டாள். "நீ இன்னா பாக்குற? போய் உன் புஸ்தகத்தப் படி" என்றாள். பார்க்கக்கூட விடவில்லை. எனக்குக் கண்ணீர் முட்டியது. அந்தக் கோபத்திலேயே ஆற்றுப் பக்கத்தை மனப்பாடம் செய்தேன்.

அடுப்பில் இருந்த சோறு வெந்து முடிவதற்குள் பூட்ஸ் தயார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரியவை. நாக்கு இருந்தது, மூக்கில் மடிப்பு இருந்தது, இடது தனி, வலது தனி.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனபோது அங்கே ஒரு புது ஆளும் இருந்தார். மாடி அண்ணாவின் ஹாஸ்டல் நண்பர், தஞ்சாவூர்ப் பக்கம். ஊர் பார்க்க வந்தவர். விளையாட்டு அவருக்குத் தெரியாது. மேசையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நடுவில் ஓடிய உப்புத்தாளைக் காட்டி, "இதென்னடா, ரோடா?" என்றார்.

"டேய், ஆறுடா. பாத்தா தெரியலையா?"

நான் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டம் தொடங்கும் முன் களத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் என்ன என்று இரண்டு பக்கமும் வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. "ஒருவாட்டி சொல்லிடுங்கண்ணா. இது மலை. இது காடு. இது?"

"ஆறு தாயே, ஆறு. போதுமா?" என்றார். அப்புறம் என் தளபதியைப் பார்த்தார். கவசம் இல்லை, கேடயம் இல்லை, உரித்த கோழி மாதிரி நின்றான். காலைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சண்டைக்கு வந்துகீறானா, இல்ல கம்பெனில இன்டர்வியூவுக்கு வந்துகீறானா?"

ஆட்டம் தொடங்கியது. என் படையை ஆற்றங்கரை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினேன். அடுத்த முறையும் நகர்த்தவில்லை. அதற்கடுத்த முறையும் நகர்த்தவில்லை.

"இன்னா பாப்பா, பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி நிக்கிற? இறங்கி வா."

"நீங்க வாங்கண்ணா."

அவர் வந்தார். அளவு நாடாவை நீட்டி அளந்து, எருமை முக மிருகத்தை முன்னால் தள்ளினார். கரை தாண்டியது. இரும்புக் குளம்புகள் உப்புத்தாளின் நடுவில் வந்து நின்றன. அதன் இரண்டு பக்கமும் அவருடைய கவச வீரர்கள் வரிசையாக இறங்கினார்கள். வில்லாளிகள் மட்டும் பின்னால், மலையடியில், கொடிக்குக் காவலாக நின்றார்கள்.

"முடிஞ்சுதாண்ணா? கைய எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன். உன் ஆட்டம்."

"அப்ப உங்க தளபதிய மேசையிலேர்ந்து எடுத்துருங்கண்ணா. மூழ்கிட்டாரு."

"எதுல மூழ்கிட்டாரு?"

"ஆத்துல. தண்ணில."

மாடி அண்ணா மேசையைத் தட்டிச் சிரித்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த எங்கள் வரிசைப் பிள்ளைகளும் சிரித்தார்கள். "ஆத்துல தண்ணியா! கேட்டியாடா? ஆத்துல எங்க பாப்பா தண்ணி இருக்கும்?"

நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. குழம்பிப்போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஏன்டா, ஆறுன்னா தண்ணி இருக்காதா? எங்க ஊருல இருக்கும்டா. இதுல என்னடா சிரிப்பு?"

நான் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். டீச்சர் படிக்கச் சொன்னால் நிற்பதுபோல, காலைச் சேர்த்து வைத்து, தாள்களை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, இங்கிலீஷில் படித்தேன். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் நடுக்கம் நின்றுவிட்டது. இப்போது வேலூர் நீதிமன்றத்தில் வக்கீலாக ஒரு சட்டப் பிரிவைப் படிக்க எழுந்தாலும் எனக்கு அப்படித்தான் நடக்கிறது, முதல் வரியில் நடுக்கம், இரண்டாவது வரியில் அறை முழுக்க என் குரல். படிக்கத் தொடங்கும்போது சிரித்துக்கொண்டிருந்தவர்கள் முடிக்கும்போது சிரிக்கவில்லை.

மாடி அண்ணா தாளை வாங்கித் தானே படித்தார். காது சிவந்தது. திரும்பவும் படித்தார். பிறகு, இதை நான் என்றும் மறக்க மாட்டேன், ஒரு வார்த்தை வழக்காடாமல் எருமை முக மிருகத்தையும் அதன்மேல் இருந்த தளபதியையும் தூக்கி மேசைக்கு வெளியே வைத்தார். இரண்டு பக்கமும் இறங்கிய கவச வீரர்களையும் ஒவ்வொருவராகப் பொறுக்கினார்.

அந்த நேரம் பார்த்து மாமா படியேறி வந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் டிபன் பை. விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சந்தோஷத்தைவிட அதிர்ச்சிதான் முதலில் வந்தது.

"அப்ப இத்தினி நாளும் நாமளுந்தானடி ஆத்துல நடந்தோம்? நம்ம ஆளுங்கல்லாம் அப்பவே செத்துப்பூட்டாங்களா?"

"அது பழசு மாமா. சும்மா இருங்க."

"ஆட்டம் இன்னும் முடியல" என்றார் மாடி அண்ணா. அவருக்கு மூச்சு திரும்பிவிட்டிருந்தது. "கொடி என் பக்கம் இருக்கு. ஆத்துல தண்ணின்னா உனக்கும் தண்ணிதான். உன் ஆளு எப்படி வருவான்?"

"நடந்து வருவாரு. பூட்ஸ் போட்டுக்கீறாரு."

தளபதியைத் தூக்கி ஆற்றின் மேல் வைத்தேன். மாடி அண்ணா கையை நீட்டித் தடுத்தார். "பூட்ஸ்தானான்னு நான் பாக்கணும். தோலச் சுத்தி வெச்சாலெல்லாம் பூட்ஸ் ஆயிடாது."

தளபதியை வாங்கினார். எங்கள் ஊரில் யார் கையில் ஷூவைக் கொடுத்தாலும் முதலில் திருப்பி அடியைத்தான் பார்ப்பார்கள். தோல் வியாபாரி மகன் அவர். அரிசி அளவு பூட்ஸையும் தலைகீழாகத் திருப்பி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் அடியைப் பார்த்தார். சுற்றிலும் தையல் ஓடியிருந்தது. விரலால் தடவினார். இடது காலைப் பார்த்தார், வலது காலைப் பார்த்தார்.

"யார் தைச்சது?"

"எங்கம்மா."

"எங்க அக்கா தைச்சதுல ரிஜெக்‌ஷன் வந்ததே கிடையாது தம்பி" என்றார் மாமா, தானே தைத்த மாதிரி.

மாடி அண்ணா தளபதியை மெதுவாக, நான் வைத்த அதே இடத்தில், தண்ணீர் மேல் நிற்க வைத்தார்.

அதற்கப்புறம் வில்லாளிகள் பாக்கி. கவசம் இல்லாத ஆள்மேல் ஒரு அம்பு பட்டாலும் முடிந்தது. மாடி அண்ணா பகடையை உருட்டினார். தவறியது. நான் அளந்து நகர்த்தினேன். மறுபடி உருட்டினார். தவறியது. என் ஆள் அக்கரை ஏறினான். மாமா கண்ணை மூடிக்கொண்டு டிபன் பையைக் கட்டிப் பிடித்திருந்தார். கடைசியாக ஒரு உருட்டல். பகடை மேசையின் விளிம்பில் ஓடி, கீழே விழுந்து, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போனது. நான் பொறுக்கப் போகவில்லை. அந்த விடுமுறையிலேயே முதல்முறையாக உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். நண்பர்தான் குனிந்து எடுத்துவந்தார். கீழே விழுந்தால் திரும்ப உருட்ட வேண்டும். உருட்டினார். ஒன்று விழுந்தது, அதுவும் தவறியது.

தளபதி கொடியைத் தொட்டான். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியைச் சுற்றினார். "பூட்ஸு! பூட்ஸு!" என்று கத்தினார். எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லாம் கூடவே கத்தினார்கள். மாடி அண்ணா உப்புத்தாளைப் பிய்த்து எடுத்துவிட்டு, அவருடைய பழைய நீலச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கிழித்தார். "இனிமே ஆறு இந்தக் கலரு" என்றார். மேசையின் ஒரு பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்குள் என் பெயரை இங்கிலீஷில் எழுதினார்.

கீழே ஓடினேன். அம்மா வாசலில் கோணிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சிட்டேம்மா!"

"பூட்ஸு கழண்டு வரலியே?"

"இல்லம்மா. அண்ணா திருப்பிப் பாத்தாரு. ஒண்ணும் சொல்ல முடியல."

அம்மா அதற்கு லேசாகத்தான் சிரித்தாள். ஊசி நிற்கவில்லை. கொஞ்சம் தைத்துவிட்டு, "மேல நின்னுகினு இன்னாவோ படிச்சியே, கீழ வரிக்கும் கேட்டுது. அது இன்னாது?" என்றாள்.

"ரூல்ஸும்மா."

"திரும்பப் படி."

எனக்கு அன்றைக்கு இருந்த மிதப்பில், சும்மா எதையும் கொடுக்க மனமில்லை. "படிச்சா இன்னா குடுப்ப?"

"இன்னா வோணும்?"

தளபதியை அவள் முட்டிமேல் நிறுத்தினேன். "எனக்கும் தைக்கக் கத்துக் குடு. இந்த மாதிரி."

அம்மாவின் ஊசி நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். குத்துப்பட்ட என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் மெழுகும் கருப்பும் ஏறி, நூல் அறுத்த கோடுகளோடு, என் விரலைச் சுற்றிச் சொரசொரவென்று இருந்தன.

"அத மட்டும் கேக்காத. வேற எது வோணா கேளு, தர்றேன்."

"எல்லார் வூட்லயும் கத்துத் தர்றாங்க."

"தரட்டும். நீ படி."

படித்தேன். முதல் வரியிலிருந்து, ஆழமான நீரிலிருந்து, மூழ்குகிற கவசங்கள் வரை. அம்மா தைப்பதை நிறுத்திவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் புரியாமல் கேட்டாள். முடித்ததும், "இன்னொரு வாட்டி" என்றாள். இவ்வளவு பெரிய வெற்றியோடு வந்த மகளுக்கு ஒரே ஒரு தையலைக்கூடத் தர மனசு வராத இப்படி ஒரு கஞ்சத்தனத்தை ஆம்பூர் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டே, அவளுக்குக் கேட்கும்படி, இன்னும் சத்தமாக, மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.